கோயிலில் மட்டும் கடித்த கித்தார்

போன கிழமை, நகரத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சவரி அண்ணை, லண்டனிலை இருந்து ஒரு பேஸ் கித்தார் வந்து நிக்குது. கழுத்து மரமில்லையாம், கிராஃபைட்டாம். செய்தவன் நம்பக்கூடிய ஆளோ? வாங்கி வைக்கலாமோ?"

நான் ஓய்வுபெற்றுக் குருநகரில் வீட்டோடு இருக்கிற ஆள். கித்தார் திருத்திய காலம் முழுவதும் என் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. "கெதியா முடிச்சுத் தாங்கோ" என்பதுதான் வாடிக்கையாளர்கள் என்னோடு கதைத்த மிக நீண்ட வசனம். இப்போது சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு நான் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிறார்கள்.

"கழுத்தை நம்பலாம், தம்பி. செய்தவனைப் பற்றிச் சொல்ல வேணுமெண்டால் ஒரு கதை இருக்கு" என்று தொடங்கினேன்.

"அண்ணை, கடையிலை சனம் நிக்குது, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். இன்றுவரை எடுக்கவில்லை. ஆகவே வேறு வழியில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பேஸ் கித்தார் என்பது தடித்த நாலு கம்பி பூட்டியது. பாட்டில் அது ஒலிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும், சாப்பிடாதவன் பாடுகிற மாதிரி இருக்கும். அதன் நீண்ட கழுத்து வழக்கமாக மரத்தில் செய்யப்படும். எங்கள் ஊர்க் காலநிலை அந்தக் கழுத்துகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சித்திரை வெய்யிலில் ஒரு பக்கம் வளையும், கார்த்திகை மழையில் மற்றப் பக்கம் வளையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் முனையைச் சாவி போட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் நிமிரும். மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக் கித்தார்கள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போகும். என் பிள்ளைகள் படித்ததெல்லாம் அந்த ஒரு முறுக்கில்தான்.

மேல்நாட்டில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. கார்பன் எனப்படும் கரி நாரைப் பசையில் தோய்த்து, அச்சில் வைத்து இறுக்கி, கிராஃபைட் கழுத்துச் செய்யத் தொடங்கினார்கள். வெய்யிலென்ன, மழையென்ன, அந்தக் கழுத்து அசையாது. செய்தவர்கள்தான் அசைந்துகொண்டே இருந்தார்கள். ஆயுட்கால உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், யாருடைய ஆயுள் என்று போட்டிருக்க மாட்டார்கள். கித்தார் இருக்கும், வாங்கியவர் இருப்பார், கம்பனியைக் காணக் கிடைக்காது. ஒருவருக்கு வந்த கழுத்து, அச்சிலிருந்து எடுக்கும்போதே பின்னால் வளைந்திருந்தது. முறுக்குவதற்கு உள்ளே கம்பியும் இல்லை. "திருப்பி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம்" என்றார்களாம். அவர் அதைச் சுவரில் மாட்டிவிட்டார். பார்க்க நல்ல வடிவு. இன்னொருவருக்கு வந்ததைச் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ற் அடித்த மரம். அதற்கு வழக்கம்போல ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்தேன், சந்தோஷமாகக் கொண்டுபோனார்.

எனக்குத் தொழில் பழக்கியவர் உடுவிலைச் சேர்ந்த தங்கராசா மாஸ்ரர். பாடம் படிப்பித்த மாஸ்ரர் அல்ல, றேடியோவும் கித்தாரும் திருத்தியவர். கித்தாரோடு யாராவது கடைக்கு வந்தால், வாங்கி மேசையில் கிடத்தி, அந்தக் கித்தாரைப் பார்த்துத்தான் "என்ன செய்யுது?" என்று கேட்பார். கொண்டுவந்தவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால், "நான் உம்மைக் கேக்கேல்லை" என்பார். அவரோடு நான் கழித்த முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டினேன், ஈயம் உருக்கினேன், கையைச் சுட்டேன், திட்டு வாங்கினேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கோயிலில் வாசிக்கிற கித்தார் என்றால், எந்த வருத்தத்துக்கு வந்திருந்தாலும் சரி, முதலில் முதுகைத் திறப்பார். கித்தாரின் கம்பிகளையும், ஒலிபெருக்கிக்குப் போகிற வயரின் எர்த் என்கிற தரைப் பக்கத்தையும் இணைக்கிற மெல்லிய வயர் ஒன்று உள்ளே இருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காக உலகம் முழுவதும் அதைப் போட்டுத்தான் விற்கிறார்கள். மாஸ்ரர் அதைக் கத்தரிப்பார்.

காரணம் இதுதான். கோயிலில் சப்பாத்துப் போட்டு வாசிக்க முடியாது. வெறுங்கால், ஈர மணல், பக்கத்தில் வாடகை ஜெனரேற்றர். ஒலிபெருக்கிப் பெட்டியில் கரண்ட் கொஞ்சம் கசிந்தால், அந்த வயர் வழியாகக் கம்பிக்கு வந்து, விரலால் ஏறி, காலால் இறங்கும். லண்டனில் கம்பளத்தில் நின்று வாசிக்கிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. வயரை வெட்டியபின் கித்தார் உர்ரென்று இரையும். யாராவது முறைப்பட்டால் மாஸ்ரர் சொல்வார்: "அது இரையட்டும். நீர் கத்தாமல் இருந்தால் காணும்."

மாஸ்ரர் மகளோடு கனடாவுக்குப் போனார், கடை என் கைக்கு வந்தது. வயர் வெட்டுகிற பழக்கமும் கூடவே வந்தது.

சண்டை முடிந்து சனம் மூச்சுவிடத் தொடங்கிய காலத்தில்தான் யோகனுடைய கித்தார் வந்தது. யோகன் புத்தூரில் இரத்தினம் அண்ணையின் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவன். மீசை அரும்பிய வயதில் அந்தக் குழுவில் ஏறியவன், வேறு தொழில் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு வசனத்துக்கு மேல் கதைக்க மாட்டான். அவனுடைய லண்டன் மாமா ஒருவர் தான் வாசித்து அலுத்த கித்தாரை அனுப்பியிருந்தார். கிராஃபைட் கழுத்து, கறுப்பு நிறம், தலை இல்லாத மாடல். கம்பிகளை முறுக்குகிற சாவிகள் எல்லாம் அடியில் இருக்கும், மேலே கழுத்து மொட்டையாக முடிந்துவிடும்.

"தலை எங்கையடா? கட்டுநாயக்கா எயாப்போட்டிலை வெட்டிப்போட்டாங்களோ?" என்று குழு முழுவதும் கேட்டதாம். சரஸ்வதி பூசைக்கு வாத்தியங்களுக்குப் பொட்டு வைத்த இரத்தினம் அண்ணை, இதற்கு எங்கே வைப்பதென்று தெரியாமல் சந்தனத்தோடு நின்றாராம். கடைசியில் கழுத்தின் மேல் நுனியில் உள்ள உலோகத் துண்டில் அப்பிவிட்டார். அந்தக் காய்ந்த சந்தனத்தை நான்தான் ஊசியால் கிண்டி எடுத்தேன்.

கடைக்கு வந்ததும் முதுகைத் திறந்தேன், வயரை வெட்டினேன், மூடிக் கொடுத்தேன். கழுத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேர். எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை என்பது கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

நல்லூரில் ஒரு கலியாணத்தில் வாசித்தான். அருமையான சத்தம். குருநகரில் எங்கள் சேர்ச்சின் பங்குப் பெருநாளில் வாசித்தான். எங்கள் மீன்காரப் பெடியள் வந்து அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்தது புத்தூரில் அம்மன் கோயில் திருவிழா. இரண்டாவது பாட்டில் யோகன் ஒரு கத்துக் கத்தி, கித்தாரோடு மணலில் விழுந்தான்.

மறுநாள் காலை இரத்தினம் அண்ணை கடை வாசலில் நின்றார். வெங்காயத் தோட்டக்காரர். குரலும் தோட்டத்துக் குரல்தான், பத்து வரம்புக்கு அப்பால் கேட்கும்.

"சவரி, உந்தச் சாமான் வேதக்காரச் சாமான்!"

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். நானும் வேதக்காரன். அவர் சைவம். நாங்கள் இருவரும் இதை வைத்து ஒருவரையொருவர் சீண்டாத நாள் இல்லை.

"என்னண்ணை சொல்லுறியள்?"

"கலியாண மண்டபத்திலை கடிக்கேல்லை. உங்கடை சேர்ச்சிலை நல்லா வாலாட்டிக்கொண்டு நிண்டது. அம்மன் கோயிலுக்கு வந்த உடனை கடிக்குது. உதுக்கு என்ன கருத்து?"

"அண்ணை, அது இங்கிலாந்துச் சாமான். கத்தோலிக்கமோ புரொட்டஸ்தாந்தோ எண்டு எங்களுக்கே தெரியாது. எங்கடை தலையிலை போடாதேங்கோ."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கேள், சவரி. அவன்ரை பழைய பேஸ் உளுத்துப்போச்சு, அதை எறிஞ்சிட்டான். இனி ஊரிலை இருக்கிற மற்ற அம்மன் கோயில் திருவிழா வருகுது. அதிலையும் இது அடிச்சால், நான் கீபோட்காரனை இடக்கையாலை பேஸ் வாசிக்கச் சொல்லப்போறன். இப்ப எல்லாக் குழுவும் அப்பிடித்தான் செய்யினம். யோகனைப் பேந்து வைச்சிருக்க ஏலாது. பெடியன் செத்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

அன்று பின்னேரமே யோகன் கித்தாரோடு வந்தான். கூடவே மனைவி மாலாவும் வந்தாள். அவன் நாலு வசனக்காரன் என்றால் அவனுக்கும் சேர்த்துக் கதைப்பவள் மாலா.

"அண்ணை, இது திருந்துமோ திருந்தாதோ, உண்மையைச் சொல்லுங்கோ. திருந்தாட்டி இவர் இனி கோயில்லை வாசிக்க நான் விடன். விழுந்து கிடக்கேக்கை கண் மேலை போனதை நான் பாத்தனான்."

"கோயில்லை வாசிக்காட்டி வேறை எங்கை வாசிக்கிறது, மாலா?" என்றான் யோகன். அவனுடைய அன்றைய வசனங்களில் அது ஒன்று. அவனுடைய வலது கை விரல் நுனிகள் இரண்டு பொசுங்கியிருந்தன.

நான் மீற்றரை எடுத்தேன். இரண்டு முனைகளுக்கு இடையே கரண்ட் போக வழியிருந்தால் கீச்சென்று கத்துகிற கருவி அது. ஒரு முனையை ஒலிபெருக்கி வயர் பூட்டுகிற ஓட்டையில் வைத்தேன், மற்றதைக் கம்பியில் வைத்தேன். கத்தியது. முதுகைத் திறந்து பார்த்தேன். நான் வெட்டிய வயர் வெட்டியபடியே சுருண்டு கிடந்தது. ஆனாலும் மீற்றர் கத்துகிறது. கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றினேன். வெறும் கழுத்தில், பூச்சு உரிந்திருந்த ஓர் இடத்தில் முனையை வைத்தேன். கீச்.

எனக்கு விளங்கிவிட்டது. கழுத்து கிராஃபைட். கிராஃபைட் என்றால் கரி. மரம் கரண்டைக் கடத்தாது, கரி கடத்தும். கம்பிகள் மேலே உலோகத் துண்டில் பூட்டியிருக்கின்றன. அந்தத் துண்டு கரிக் கழுத்தில் திருகியிருக்கிறது. கழுத்தை உடம்போடு சேர்க்கிற திருகாணிகள் உள்ளே இறங்குகின்றன. உள்ளே இரைச்சலைத் தடுக்க, வயர் பூட்டுகிற ஓட்டைவரை ஒரு கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறான், அதுவும் கரி. நான் முன்வாசலைப் பூட்டி வைத்திருக்க, கரண்ட் வீட்டின் பின்கோடியால் ஆறுதலாக வந்து போயிருக்கிறது. கலியாண மண்டபத்திலும் சேர்ச்சிலும் அவன் சப்பாத்தோடு நின்றதால் அது காலால் இறங்கவில்லை. மாஸ்ரரின் கத்தரி மரக் கழுத்துகளுக்குத்தான் கத்தரி. இதற்கு அவரே வந்தாலும் "என்ன செய்யுது?" என்று இரண்டு தரம் கேட்டிருப்பார்.

செய்தவனிடமே கேட்டுப்பார்ப்போம் என்று லண்டன் மாமாவுக்கு அழைத்தோம். அவர் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். கம்பனியை மூடி எத்தனையோ காலமாம், அந்த மனுசன் இப்போது தக்காளி நட்டுக்கொண்டு இருக்கிறாராம். மாமா அந்த உரையாடலை எங்களுக்கு அப்படியே ஒப்புவித்தார்.

"கழுத்து வளைஞ்சு போச்சோ எண்டு கேட்டார். இல்லை, நேரா நிக்குது எண்டன். வெடிச்சதோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். அப்ப ஏன் என்னோடை கதைக்கிறீர் எண்டு கேட்டிட்டு வைச்சிட்டார்."

மாலாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு. யோசித்துப் பார்த்தால் அந்த மனுசனில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? தான் செய்த கழுத்து வளையாது என்றார், வளையவில்லை. வெறுங்காலோடு ஈர மணலில் நின்று ஒருவன் அதை வாசிப்பான் என்று அவருக்கு யார் சொன்னது?

கழுத்தைக் கழற்றினேன். கழுத்து உட்காருகிற பள்ளத்தில் இருந்த கறுப்புப் பூச்சை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மரம் தெரியும்வரை சுரண்டினேன். அந்தத் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரித்துக் கடிக்கும், அன்றைக்குக் கித்தார் கோயிலுக்கு வெளியேயும் கடித்தது. இடையில் வைக்க மெல்லிய, கரண்ட் கடத்தாத தகடு வேண்டும். மாலா வீட்டுக்குப் போய்த் தன்னுடைய மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரேப் படத்தைக் கொண்டுவந்தாள்.

"மாமிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

அந்தப் படத்தை அளவாக வெட்டிப் பள்ளத்தில் வைத்தேன். பின்பக்கத்தில் திருகாணிகள் பிடிக்கிற இரும்புத் தகட்டுக்குக் கீழேயும் ஒன்று வைத்தேன். திருகாணி ஓட்டைகளைக் கொஞ்சம் அகட்டி, ஒவ்வொரு திருகாணிக்கும் பேனைக் குழாயை வெட்டிச் சட்டை போட்டேன். பூட்டி, கம்பி ஏற்றி, மீற்றரை வைத்தேன். சத்தமில்லை. கழுத்தில், கம்பியில், மேல் துண்டில், எல்லா இடத்திலும் வைத்தேன். சத்தமில்லை.

"இனிக் கடிக்காதோ?" என்று மாலா கேட்டாள்.

"இந்தக் கித்தார் கடிக்காது. ஆனால் கரண்ட் கசியிற இடம் கித்தார் இல்லை, பிள்ளை. அது அங்கை, ஜெனரேற்றர் பக்கம். அதையும் கட்டிப் போட்டாத்தான் நான் சரியெண்டு சொல்லுவன்."

திருவிழா அன்று ஒரு தடித்த செம்புக் கம்பியோடு அந்த மற்ற அம்மன் கோயிலுக்குப் போனேன். அதை நிலத்தில் ஆழமாக அடித்து, ஜெனரேற்றரையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அதில் இணைத்தால், கசிகிற கரண்ட் ஆளைத் தேடாமல் நேரே மண்ணுக்குப் போகும். வெளிவீதி மணலில் ஓர் இடம் பார்த்து, இரத்தினம் அண்ணை அலவாங்குக் கடப்பாரையால் குழி குத்தத் தொடங்கினார். கோயில் தலைவர் சால்வையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன வேலை இது? அம்மன்ரை வீதியிலை இரும்பு அடிக்கிறதோ? அதுவும்..."

அந்த "அதுவும்"-க்குப் பிறகு வரவேண்டிய சொல்லை அவர் விழுங்கிவிட்டார். நல்ல மனுசன்.

"இரும்பில்லை ஐயா, செம்பு" என்றேன்.

"செம்பெண்டாலும்! ஐயர் சம்மதிச்சால்தான்."

ஐயரிடம் போனோம். பின்னேரப் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பூசையிலை நான் பிடிக்கிற மைக்கும் அடிக்குமோ?"

"ஓம் ஐயா, அதே கரண்ட்தான்."

"ஈரக் கையோடை பிடிச்சால் சுரீர் எண்டு ஏறும். கனகாலமா நான் அதை அம்பாள் தொடுறா எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்." கொஞ்சம் நாணத்தோடு சிரித்தார். "அடியுங்கோ. ஆழமா அடியுங்கோ. தண்ணி வேணுமெண்டாலும் கிணத்திலை அள்ளுங்கோ."

அடித்தோம். தண்ணீர் ஊற்றினோம். எல்லாவற்றையும் இணைத்தேன். மீற்றர் கையில் பேசாமல் கிடந்தது. பூசை முடிந்தது, சனம் மணலில் உட்கார்ந்தது, குழு தயாரானது. நான் யோகனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

ஒன்றை நான் யோசித்திருக்கவில்லை. கரண்டைக் கட்டிவிட்டேன், யோகனை என்ன செய்வது? அவன் கித்தாரைத் தோளில் மாட்டியிருந்தான். வலது கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அங்கிருந்து நகரவில்லை. இரத்தினம் அண்ணை தாளம் எண்ணத் தொடங்கினார், அவனைப் பார்த்து நிறுத்தினார். மறுபடி எண்ணினார். மேளம் தொடங்கியது, கீபோட் தொடங்கியது. பேஸ் இல்லை.

"யோகன், ஒண்டுமில்லை, நான் பாத்திட்டன்" என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"தெரியும் அண்ணை" என்றான். "கை போகுதில்லை."

முகம் வியர்த்திருந்தது. கண் கலங்கியிருந்தது. பாட்டு வெறும் வயிற்றோடு போய்க்கொண்டிருந்தது. இரத்தினம் அண்ணை கீபோட்காரனைப் பார்த்தார். கீபோட்காரன் யோகனைப் பார்த்தான், பிறகு குனிந்து, தன் இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்கு நகர்த்தினான். இத்தனை சுரண்டியும், இத்தனை அடித்தும், ஒருவனுடைய இடம் என் கண்முன்னே போகப்போகிறது.

அப்போது சனத்துக்குள்ளிருந்து மாலா எழும்பி வந்தாள். பூசைக்கு உடுத்த சேலை, வெறுங்கால். தண்ணீர் ஊற்றிய ஈரத்தில் கால் வைத்து நேரே வந்தாள். தலைவர் ஏதோ சொன்னார், அவள் திரும்பவில்லை. யோகன் முன்னால் நின்று, கையை நீட்டி, நாலு கம்பிகளையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தாள். மீற்றரை நம்புவது வேறு, இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு.

அவள் விழவில்லை. கத்தவில்லை. பிடித்த பிடியை விடாமல் அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"ம். வாசியுங்கோ" என்றாள்.

அவனுடைய விரல் இறங்கியது. அவளுடைய கைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைத் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது. பிறகு அடிக்கத் தொடங்கினான். கீபோட்காரன் இடது கையை எடுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

சனத்துக்கு அந்தப் பாட்டில் பேஸ் கேட்டிருக்காது, பொத்திப் பிடித்த கம்பி ஒலிக்காது. மாலா கம்பியில் இருந்து கையை எடுக்கவே இல்லை.